கம்மலும் வசனமும்

தமிழ்நாட்டுப் பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில், ஞானஸ்நானம் எடுக்கும் பெண் முதலில் நகையைக் கழற்ற வேண்டும். காரணம் கேட்டால் 1 பேதுரு 3:3 என்பார்கள். அந்த வசனம் இவ்வளவு பாரத்தைச் சுமக்குமா?

பேதுரு மூன்றைச் சொல்கிறார்: முடி பின்னுவது, பொன் அணிவது, உடை உடுத்துவது. கிரேக்க மூலத்தில் வெறும் உடைதான். நம் பழைய மொழிபெயர்ப்பு அதன் முன் ‘உயர்ந்த’ என்ற சொல்லைச் சேர்த்திருக்கிறது. சேர்த்தவர்கள் மேல் குற்றமில்லை. வசனத்தைத் தடையாகப் படித்தால் உடுத்துவதே பாவமாகிவிடும். ஆக, பேதுரு தடைப்பட்டியல் போடவில்லை. புற அலங்காரமா, உள்ளத்தின் அழகா, எது மேல் என்று ஒப்பிடுகிறார். தடைதான் என்று பிடிவாதம் பிடித்தாலும், சடை பின்னி வரும் சகோதரியை எந்தச் சபையும் வாசலில் நிறுத்துவதில்லையே!

நகை மறுப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பவுன் கணக்கு பேசாத கல்யாணம் ஏழைத் தகப்பனுக்குப் பெரிய விடுதலை. கூலி வேலைக்குப் போகிறவளும் அதிகாரியின் மனைவியும் வெறுங்கழுத்தோடு ஒரே பாயில் உட்காருவது சாதாரணக் காரியமல்ல. ஆனால் கழுத்தில் இல்லாத தங்கம் ரொக்கமாகக் கைமாறும் வீடுகளும் உண்டு. வெறுங்காதே பரிசுத்தத்தின் அடையாளமாகிவிட்டால் அதுவும் ஓர் ஆபரணந்தான்.

வேதம் கண்டிப்பது யாரை? 1 சாமுவேல் 16-இல், ராஜாவைத் தேர்ந்தெடுக்க ஈசாயின் வீட்டுக்குப் போய், அவன் மகன் எலியாபின் உயரத்தைப் பார்த்து மயங்கிய சாமுவேலுக்குத்தான், கர்த்தர் உள்ளத்தைப் பார்க்கிறார் என்ற திருத்தம் கிடைத்தது. எலியாபை யாரும் குனியச் சொல்லவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட தாவீதும் அழகன் என்றே அதே அதிகாரம் சொல்கிறது. யாக்கோபு 2-இல் பொன்மோதிரக்காரன் ஒருவன் சபைக்குள் வருகிறான். மோதிரத்தைக் கழற்று என்று யாக்கோபு சொல்லவில்லை. அவனுக்கு நல்ல இடமும் கந்தை உடுத்தியவனுக்குப் பாதபடியும் காட்டியவர்களைத்தான் பிடித்துக்கொள்கிறார்.

தென்திருவிதாங்கூரை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. மார்பை மறைக்கும் உரிமைக்காக அங்கே நாடார் கிறிஸ்தவப் பெண்கள் அடிபட்டார்கள். எல்லா நாடார் பெண்களுக்கும் மன்னரின் அனுமதி 1859-இல்தான் வந்தது. அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. உள்ளம் போதும், உடை எதற்கு என்று அவர்களிடம் சொல்லியிருந்தால் அது ஆதிக்கத்தின் குரலாகவே ஒலித்திருக்கும். அவர்களுக்குக் குப்பாயம் என்ற மேற்சட்டை பகட்டல்ல, மானம்.

உள்ளத்தைப் பார் என்ற போதனை பார்க்கிறவன் கண்ணுக்கு இட்ட கட்டளை. அதை அணிகிறவள் உடம்பின் மேல் திருப்பியதுதான் பிழை. விரும்பி நகையை விடுகிறவள் விடட்டும். கம்மலைக் கழற்றவில்லை என்று ஒருத்திக்கு ஞானஸ்நானத்தை மறுக்க 1 பேதுரு 3:3 இடம் தரவில்லை.