தீராத கணக்கு: ஒரு போர்வீரனின் நினைவுநூல்

அமெரிக்கச் சுதந்திரப் போரில் சாதாரணப் படைவீரராகப் பணியாற்றிய யோசப் பிளம் மார்ட்டின் 1830இல் தம் பெயர் குறிப்பிடாது வெளியிட்ட நினைவுநூல் வெறும் வீரப் பிரதாபமன்று; தீர்க்கப்படாத கணக்கொன்றின் முறையீடாகும். உணவு, உடை, சம்பளம், நிலம் என வாக்களிக்கப்பட்டவற்றை ஒருபுறமும், கிடைத்தவற்றை மறுபுறமும் நிறுத்தி, அரசிடமே அவர் கணக்குக் கேட்கிறார்.

1783இல் படை கலைக்கப்பட்டபோது வீரர்க்குச் சம்பள நிலுவையாகக் கிடைத்தது பணமன்று, கடன் பத்திரமே. வீடு திரும்ப நல்லுடை தேடியவர்கள் அதனை அற்ப விலைக்கு விற்றனர். 1790இல் ஹமில்டனின் திட்டம் பத்திரத்தைக் கையில் வைத்திருந்தோருக்கே உரிமையளித்தது. முதலிற் பெற்றோருக்கும் பங்கு வேண்டுமென்ற மடிசனின் பிரேரணை காங்கிரஸிலே தோல்வியுற்றது. ஏட்டில் கணக்கு நேராயிற்று. பத்திரத்தை விற்ற வீரனுக்கோ அது நேராகவில்லை.

இந்த நேராகாத பகுதியைப் பதிவு செய்வதிலேயே நூலின் பெறுமதி தங்கியுள்ளது. பசியையும் நகைச்சுவையோடு கூறுவதால் குற்றச்சாட்டு மேலும் கூர்மை பெறுகிறது. போர் முடிந்து 47 ஆண்டுகளின் பின் வெளிவந்தமையால் அதன் உரையாடல்களைச் சொல்லுக்குச் சொல் ஏற்றல் இயலாது. எனினும், போரின் செலவை அரச ஏடுகளில் மட்டும் தேடும் வரலாற்று நோக்குக்கு இந்நூல் தக்கதொரு மறுப்பாகும்.