கற்பனை ஊர்களும் பெயரிடும் உரிமையும்

இல்லாத நாடொன்றைத் தாளில் வரைந்து, அதன் ஆறுகளுக்கும் பட்டினங்களுக்கும் பெயரிட்டு, அவ்வுலகின் மாந்தராகத் தாமே மாறி ஆடும் விளையாட்டு இன்று இளைஞரிடையே பரவியுள்ளது. 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' அதனை ஒரு வணிகப் பண்டமாக்கிற்று. இத்தகைய ஆக்கங்களை யதார்த்தத்திலிருந்து தப்பியோடும் முயற்சிகள் என ஒதுக்கிவிடும் போக்கு முற்போக்கு விமர்சகரிடம் இல்லாமலில்லை. அது அவசர முடிபு என்றே கருதவேண்டியுள்ளது. கற்பனை உலகை அமைப்பவர் போரையும் மாயத்தையும் தாம் விரும்பியவாறு புனையலாம். ஆனால் ஊர்களுக்குப் பெயரிடும்போது, தம் காலத்துச் சொத்துறவுகளையும் அதிகார உறவுகளையும் தம்மையறியாமலே அவ்வுலகினுள் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறார். ஆங்கிலத்தில் எழுந்த இரு புனைவுலகங்களைக் கொண்டு இதனை விளக்கி, பின்னர் யாழ்ப்பாணத்துக் குருநகரின் பெயரை அந்நோக்கில் ஆராய்வோம்.

வீட்டில் பிறந்த கற்பனை உலகுக்குச் சிறந்த சான்று புரொன்டே சகோதரரின் விளையாட்டாகும். 1826ஆம் ஆண்டு யோர்க்ஷயரின் ஹாவேர்த் என்னும் ஊரில், தந்தையார் வாங்கிவந்த பன்னிரு மரப் போர்வீரரை வைத்து சார்லட், பிரான்வெல், எமிலி, ஆன் ஆகிய நால்வரும் ஓர் இராச்சியத்தையே படைத்தனர். கண்ணாடிப் பட்டினம் எனப் பொருள்படும் 'கிளாஸ் டவுன்' அதன் தலைநகர். இவர்கள் அதனை நிறுவிய இடம் மனங்கொள்ளத்தக்கது. அது மேற்கு ஆபிரிக்கக் கரை. அசாந்தி மக்களின் நாடு. பிரித்தானியர் அம்மக்களோடு உண்மையிலேயே போரிட்டுக்கொண்டிருந்த காலம் அது. மர வீரர்கள் அசாந்தியரை வென்றனர். வென்ற நிலத்தின் பகுதிகளுக்கு வெலிங்டன், பாரி, ரோஸ் எனத் தளபதியினதும் துருவக் கடலோடிகளினதும் பெயர்கள் சூட்டப்பட்டன. செல்வமற்ற ஒரு பாதிரியாரின் பிள்ளைகள் அவர்கள். அவர்களிடம் பேராசை இருந்ததாக எவரும் கூறார். எனினும் பேரரசின் பெயரிடும் முறை அவர்கள் படித்த சஞ்சிகைகள் வழியாகவும் புவியியல் நூல் வழியாகவும் விளையாட்டறைக்குள் வந்துவிட்டது.

ஆர். கே. நாராயணின் மால்குடி இதனினும் நுட்பமானது. 1935இல் வெளியான 'சுவாமி அன்ட் பிரண்ட்ஸ்' நாவலில் முதன்முதல் தோன்றிய இத்தென்னிந்தியக் கற்பனைப் பட்டினத்தில், வசதிபடைத்தோர் வாழும் பகுதி ஆங்கில அதிகாரி ஒருவரின் பெயரால் லாலி எக்ஸ்டென்ஷன் எனப்படுகிறது. வண்டிக்காரனின் குடிசை இருப்பதோ கீழச்சேரியில். ஊரின் நதிக்கு இராமாயணத்துச் சரயுவின் பெயர். காலனியம், சாதி, காவியப் பெருமிதம் ஆகிய மூன்றும் ஒரே வரைபடத்தில் அமர்ந்துவிட்டன. சுதந்திரத்தின்பின் நகரசபை தெருப்பெயர்களை மாற்றியதால் விளைந்த குழப்பத்தை 'லாலி ரோட்' என்னும் சிறுகதையில் அவர் அங்கதமாக்குகிறார். ஆனால் லாலியின் பெயர் போகவேண்டுமா, நிற்கவேண்டுமா என்று வாதிடும் அக்கதை, கீழச்சேரிக்கு அப்பெயர் எவ்வாறு வந்தது என்று வினவவில்லை. நாராயணின் மனிதாபிமானம் எல்லை காண்பது இங்கேதான்.

இனிக் குருநகருக்கு வருவோம். யாழ்ப்பாண நகரின் தென்புறத்தே கடனீரேரியை ஒட்டியமைந்த, கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் இக்கடற்றொழிலாளர் குடியிருப்பு முன்னர் கரையூர் என்றே வழங்கிற்று. கரையூர், நாவாந்துறை, கொழும்புத்துறை முதலிய பெயர்கள் நிலத்தின் அமைப்பையும் அங்கு நிகழும் உழைப்பையும் நேரே உரைப்பன. குருநகர் என்னும் பெயரோ வேறு வகையினது. கத்தோலிக்கரின் செவிக்கு அது குருமாரை நினைவூட்டலாம். கரையார் தம்மைக் குருகுலத்தார் என வழங்கும் மரபை அறிந்தோருக்கு அது பாரதத்துக் குருவம்சத்தை நினைவூட்டும். எவ்வாறு கொள்ளினும் வலையும் வள்ளமும் பெயரிலிருந்து மறைந்துவிடுகின்றன.

இதனைப் போலிப் பெருமை எனத் தள்ளிவிடுவது எளிது; ஆனால் அது வரலாற்று நோக்காகாது. கரையார் வேளாளருக்கு அடிமை குடிமை முறையிற் கட்டுப்பட்டவரல்லர். எனினும் நிலவுடைமையே மதிப்பின் அளவுகோலாயிருந்த சமூகத்தில், கடலை நம்பி வாழ்ந்தோர் தமது மானத்தை நிலைநாட்ட ஒரு வம்சத்தை நாடினர். அவ்வகையில் குருகுலக் கற்பனை ஓர் எதிர்ப்புக்குரல். அதேவேளை, மேலாதிக்கக் கருத்தியலின் நாணயத்தையே அக்குரல் கடன்வாங்கிற்று. உழைப்பினால் மதிப்புக் கோராது பிறப்பினாற் கோரியமையால், தமக்குக் கீழே வைக்கப்பட்டோருக்கு அது எதையும் பெற்றுத்தரவில்லை. இம்முரண்பாட்டின் இரு பக்கங்களையும் ஒருங்கே காண்பதே இயங்கியல் நோக்கு. வண்ணார்பண்ணையை 'வண்ணை' எனச் சுருக்கும் இலக்கிய வழக்கையும் இதனோடு ஒப்பிடலாம். அங்கே மறைக்கப்படுவது உழைத்த ஒரு சமூகத்தின் பெயர், மறைப்போர் அச்சமூகத்தவரல்லர். தம் ஊர்ப்பெயரைத் தாமே மாற்றிக்கொள்வோரையும் பிறர் பெயரை அழிப்போரையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது.

எனவே, குருநகரில் ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்து தன் விளையாட்டுலகின் வரைபடத்தை வரையும் இளைஞனிடம், கற்பனையைக் கைவிடு என்று நாம் கூறவேண்டியதில்லை. அவனது பட்டினங்கள் யாவும் புரிகளாகவும் நகர்களாகவும் அமையுமாயின், அங்கே மீன் பிடிப்பவர் யார், அவர் தம் ஊரை எவ்வாறு அழைப்பார் என்று மட்டும் கேட்கலாம். அக்கேள்விக்கு விடை தேடுகையில் அவ்வுலகில் துறைகளும் சேரிகளும் தோன்றும்; அவற்றின் பெயர்களை மாற்றவேண்டும் என்று போராடும் மனிதரும் தோன்றுவர். விளையாட்டு அப்போதும் விளையாட்டாகவே இருக்கும். ஆனால் பெயரிடும் உரிமை யாருடையது என்ற வினா அதனுள் எழுந்துவிட்டிருக்கும்.