ஒரே தொடுகை, இரண்டு வருடப் பூட்டு: பிரிட்டனின் பிராட்பேண்ட் மாற்ற விதி பற்றி

பிரிட்டனில் வீட்டு பிராட்பேண்ட் கம்பெனியை மாற்ற 2024 செப்டம்பர் 12 முதல் 'ஒன் டச் ஸ்விட்ச்' என்ற முறை நடப்பில் இருக்கிறது. புதுக் கம்பெனியிடம் மட்டும் சொன்னால் போதும். பழைய கம்பெனிக்கு போன் போட்டு, அரை மணி நேரம் பாட்டு கேட்டு, "ஏன் போறீங்க?" என்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியதில்லை. கேட்க நல்லாத்தான் இருக்கு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாறுகிற வேலையை இந்த விதி சுலபமாக்கியது. மாறுகிற செலவில் ஒரு சின்னப் பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, பெரிய பகுதியை அப்படியே விட்டுவிட்டது.

முன்பு இருந்த சிக்கல்

பிரிட்டனில் பல கம்பெனிகள் ஓப்பன்ரீச் என்ற ஒரே நெட்வொர்க்கின் மேல்தான் சேவை விற்கின்றன. அந்த நெட்வொர்க்குக்குள் மாறுவது 2015 ஜூன் 20 முதலே புதுக் கம்பெனியின் பொறுப்பு. பிரச்சனை, ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது. உதாரணமாக ஓப்பன்ரீச் இணைப்பிலிருந்து விர்ஜின் மீடியாவின் சொந்த கேபிளுக்குப் போவது. அங்கே இரண்டு கம்பெனிகளும் ஒன்றோடொன்று பேசாது. பழையதை நாம் தனியாக ரத்து செய்ய வேண்டும், பெரும்பாலும் 30 நாள் நோட்டீஸ் கொடுத்து. புது இணைப்பு எந்தத் தேதியில் வரும் என்று உறுதியாகத் தெரியாது. கணிப்பு ஒரு பக்கம் பிசகினால் இரண்டு பில், மறு பக்கம் பிசகினால் இணையமே இல்லாத வீடு.

ஆஃப்காம் இந்த இடத்தைச் சரியாகவே பிடித்தது. மாறும் தேதிக்குப் பிறகு நோட்டீஸ் காலத்துக்கென்று பணம் வாங்கக் கூடாது என்றது. தொழில்நுட்பம் அனுமதித்தால் ஒரு வேலை நாளுக்கு மேல் சேவை அறுபடக் கூடாது என்றது. இரண்டுமே நல்ல விதிகள். இரட்டை பில் என்ற தொல்லையை இவை நேரடியாகவே தீர்க்கின்றன.

உள்ளே எப்படி ஓடுகிறது

மென்பொருள்காரன் என்பதால் எனக்கு இதில் பிடித்த பகுதி இதுதான். கம்பெனிகளுக்கு நடுவே டாட்ஸ்கோ என்ற அமைப்பு ஒரு ஹப் நடத்துகிறது. புதுக் கம்பெனி "இந்தப் பெயரில், இந்த முகவரியில் உங்களிடம் ஒரு வாடிக்கையாளர் இருக்கிறாரா?" என்று ஒரு மெசேஜ் அனுப்பும். பழைய கம்பெனி ஒரு நிமிடத்துக்குள் தானியங்கியாகப் பதில் தர வேண்டும். பொருந்தினால், "நீங்கள் விலகினால் இவ்வளவு கட்டணம், இன்னின்ன சேவை பாதிக்கும்" என்று வாடிக்கையாளருக்கே தகவல் அனுப்பும். அதைப் பார்த்த பிறகுதான் ஆர்டர் உறுதியாகும். எளிமையான, சுத்தமான வடிவமைப்பு.

ஆனால் முதலில் வைத்த கெடு 2023 ஏப்ரல் 3. தொடங்கியது அதற்குப் பதினேழு மாதம் கழித்து. தொழில்நுட்பம் அவ்வளவு கடினமா என்றால், இல்லை. வாடிக்கையாளரை இழக்கப்போகும் கம்பெனியையும் சேர்த்துக்கொண்டு கட்ட வேண்டிய பாலம் இது. கட்டி முடிக்க யாருக்கும் அவசரம் இருந்திருக்காது என்பது என் ஊகம்.

இன்னொரு பலவீனம், பெயர்ப் பொருத்தம். குடும்பப் பெயரும் முகவரியும்தான் தேடலின் அடிப்படை. நம்மவர்களுக்கு இது எங்கே இடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஒரு கட்டத்தில், சொந்தப் பெயர் இன்னொரு கட்டத்தில். பழைய கணக்கு ஒரு வரிசையில், புது விண்ணப்பம் வேறு வரிசையில் இருந்தால் "அப்படி யாரும் இல்லை" என்ற பதில் வர நல்ல வாய்ப்பு உண்டு. கணக்கு மனைவி பெயரில் இருந்து கணவர் விண்ணப்பித்தாலும் இதே கதைதான். பழைய பில்லில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே கொடுப்பதுதான் வழி.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம். ஒப்பந்தம் முடியும் முன் விலகினால் கட்டணம் உண்டு. மீதி மாதங்களின் சந்தாவைவிட அது அதிகமாக இருக்கக் கூடாது, கம்பெனிக்கு மிச்சமாகும் செலவைக் கழிக்க வேண்டும் என்பது ஆஃப்காமின் நிலைப்பாடு. அதிகபட்ச ஒப்பந்தக் காலம் 24 மாதம்.

ஒரு கற்பனைக் கணக்கு. மாதம் 30 பவுண்டு, 24 மாத ஒப்பந்தம், 18 மாதம் முடிந்துவிட்டது. வேறொரு கம்பெனி 25 பவுண்டுக்குத் தருகிறது. பலர் இப்படி யோசிப்பார்கள்: "விலகல் கட்டணம் 135 பவுண்டு வந்தாலும், மாதம் 5 பவுண்டு மிச்சம். மூணு வருஷத்துல 180 வந்துடுமே."

இந்த ஒப்பீடே தவறு. ஒப்பிட வேண்டியது, இன்று மாறுவதையும் ஆறு மாதம் பொறுத்து மாறுவதையும். பொறுத்தால் அந்த ஆறு மாதச் செலவு 180 பவுண்டு. இன்றே மாறினால் 135 கட்டணம், அதோடு புதுக் கம்பெனிக்கு 150, மொத்தம் 285. ஆறு மாதத்துக்குப் பிறகு இரண்டு வழியிலும் ஒரே 25 பவுண்டுதான். ஆக, 105 பவுண்டு வீண். இன்றே மாறுவது லாபமாக வேண்டுமென்றால் விலகல் கட்டணம் 30 பவுண்டுக்குக் கீழே இருக்க வேண்டும்.

அப்படியானால், விலைக்காக மாறுபவருக்கு ஒன் டச் ஸ்விட்ச் நடைமுறையில் பயன்படுவது இரண்டு வருடத்தில் ஒரு நாள் திறக்கும் கதவில்தான். அந்த நாள் வரை அது அலங்காரம். ஒரு வருட வாடகைக்கு வீடு எடுத்துவிட்டு 24 மாத பிராட்பேண்டில் கையெழுத்திட்டவரின் நிலை இன்னும் மோசம். நடுவில் விலை ஏறினாலும், 2025 ஜனவரி 17-க்குப் பிந்தைய ஒப்பந்தங்களில் அது பவுண்டு, பென்ஸ் கணக்கில் முன்பே எழுதப்பட்டிருக்கும். முன்பே எழுதியிருந்தால் இலவசமாக விலக முடியாது.

கம்பெனிகள் தரப்பிலும் நியாயம் உண்டு. புதிதாக ஃபைபர் இழுத்து, ரவுட்டர் கொடுத்து, பொறியாளரை அனுப்பிய செலவு எப்படியாவது திரும்ப வர வேண்டும். சரி. ஆனால் ஏற்கெனவே ஃபைபர் உள்ள வீட்டில், ரவுட்டரை மட்டும் மாற்றிய இணைப்புக்கும் அதே 24 மாதம் எதற்கு? உண்மையில் செலவான தொகையைக் கணக்கிட்டு, மாதா மாதம் குறைந்துகொண்டே வரும் கட்டணமாக விதித்திருக்கலாம். ஆஃப்காம் அந்தப் பக்கம் போகவில்லை.

நம்ம ஊருக்கு இதில் என்ன

இந்தியாவில் மொபைல் எண்ணுக்கு இந்த வசதி 2011 ஜனவரி 20-ல் நாடு முழுக்க வந்துவிட்டது. 1900-க்கு ஒரு எஸ்.எம்.எஸ்., ஒரு கோட், முடிஞ்சது. வீட்டு பிராட்பேண்டுக்கு அப்படி எதுவும் இல்லை. இங்கே பூட்டு வேறு வடிவில் வருகிறது: ஆறு மாதம், ஒரு வருடம் என்று முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் பணம். நாளைக்கே இங்கும் ஒரு ஹப் வந்தாலும், மீதி மாதப் பணம் திரும்ப வரும் என்ற விதி கூடவே வராவிட்டால் பெரிய பயன் இருக்காது. பிரிட்டனிலிருந்து நாம் படிக்க வேண்டியது அதைத்தான்.

ஒரு விஷயத்தில் பிரிட்டனைப் பாராட்டத்தான் வேண்டும். ஒப்பந்தம் முடிவதற்கு 10 முதல் 40 நாட்களுக்கு முன் கம்பெனியே வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2020 பிப்ரவரியிலிருந்து உண்டு. என்ன தேதி, அதன் பிறகு விலை எவ்வளவு ஏறும் என்று அந்தக் கடிதத்தில் இருக்கும். யாரும் பெரிதாகப் பேசாத, சலிப்பூட்டும் கடிதம்தான். ஆனால் மேலே போட்ட கணக்கின்படி, நான்கு வருடம் கழித்து வந்த ஒன் டச் ஸ்விட்சைவிட அதிகப் பணத்தை மிச்சப்படுத்தக் கூடியது அதுதான். அங்கே இருக்கும் நண்பர்களிடம் நான் சொல்வதும் இவ்வளவுதான்: அந்த மெயிலை ப்ரமோஷன் என்று நினைத்து டெலீட் பண்ணிடாதீங்க.