கோ யோ குன்றின் மேல்: தென் தாய்லாந்துக் கலைகளும் அவற்றின் அளவுகோல்களும்

பாங்காக் அரண்மனைக் கலையை அளவுகோலாகக் கொண்டு பார்த்தால், தென் தாய்லாந்தின் கலைகள் கரடுமுரடாகத்தான் தெரியும். அந்த அளவுகோலைக் கீழே வைக்கச் செய்யும் இடம் ஒன்று உண்டு. அது சொங்க்லா ஏரிக்குள் இருக்கும் கோ யோ தீவு. அங்கே குன்றுச் சரிவில், பேராசிரியர் சுதிவோங் போங்பைபூன் உருவாக்கிய தென் தாய்லாந்து ஆய்வு நிறுவனத்தின் நாட்டுப்புற அருங்காட்சியகம் அமைந்திருக்கிறது. இன்று அது தாக்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. 1986இல் தென்னகப் பண்பாட்டுக் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டதும் இந்நிறுவனமே.

கட்டடங்களிலேயே பாடம் தொடங்கிவிடுகிறது. தெற்கத்தி வீட்டுத் தூணை மண்ணில் புதைப்பதில்லை. அடிக்கல்லின் மேல் நிறுத்துகிறார்கள். ஓயாத மழையில் ஊறும் மண்ணில் மரம் இற்றுப்போகும். இப்படி நிறுத்திய வீட்டை ஊரார் கூடித் தூக்கி வேறிடத்தில் வைக்கவும் முடியும்.

கிரிஸ் கத்திகள், நெசவு, பாசிமணி வேலை என்று கூடங்கள் விரிந்தாலும் என்னை நிறுத்தியது தேங்காய்த் துருவிகளின் கூடம். முயல், பூனை, மனித உருவம் என்று மரத்தைச் செதுக்கி, முன்னால் இரும்பு அலகைப் பொருத்தியிருக்கிறார்கள். தேங்காய்ப் பாலில்லாமல் நடக்காத சமையல், அன்றாடம் உட்காரும் பலகை. அதிலும் தச்சனுக்குக் கற்பனை ஓடியிருக்கிறது. உட்காருவதற்கு இதமாகவும் பார்ப்பதற்கு அழகாகவும் இருப்பதே நல்ல துருவி. இதற்கு மேல் ஒரு கலைக்கொள்கை தேவை என்று எனக்குத் தோன்றவில்லை.

நிழற்பாவைக் கூத்தான நாங் தலுங்கின் அளவுகோல் இவ்வளவு எளிதில் பிடிபடாது. திரைக்குப் பின்னால் ஒரே கலைஞர் எல்லாப் பாவைகளையும் ஆட்டி, எல்லாக் குரலிலும் பேசிப் பாட வேண்டும். முதலில் முனிவர் வருவார். அடுத்து காளை மேல் ஈசுவரன். தமிழருக்கு அது அறிமுகமான முகம். ஆனால் கலைஞரின் தரத்தை ஊர் எடைபோடுவது கோமாளிகளை வைத்துத்தான். தெங், பாக்குவெட்டியை ஆயுதமாக ஏந்திய நூ நுய் போன்றவர்கள் தெற்கத்திப் பேச்சில் வாய்ச்சண்டை போடும்போது ஒருவர் குரல் மற்றவர் குரலோடு கலந்துவிடக் கூடாது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தோல்பாவை இதைச் சொல்லாது. நக்கோன் சி தம்மராத்தில் 2006ஆம் ஆண்டின் தேசியக் கலைஞர் சுசார்த் சப்சின் தம் வீட்டையே பாவை அருங்காட்சியகமாக்கி, தோல் செதுக்குவதையும் ஆட்டத்தையும் அங்கேயே காட்டியது இந்தக் குறையை உணர்ந்ததால்தான் என்று நினைக்கிறேன்.

நோரா ஆட்டத்துக்கு இது இன்னும் பொருந்தும். மணி கோத்த உடை, பறவை வால், வளைந்த நீள நகங்கள், உயர்ந்த மகுடம் ஆகியவற்றை அருங்காட்சியகம் காட்டிவிடும். நெஞ்சை முன்தள்ளி, முதுகை வளைத்து, முழங்கால் மடித்து நிற்கும் அந்த நிலையை எப்படிக் காட்டும்? அதில் தளர்ந்தவர் எவ்வளவு வேகமாக ஆடினாலும் தேர்ந்தவர்கள் ஏற்பதில்லை. மகுடமும் விலைக்கு வாங்கி அணிவதன்று. குரு சூட்டிய பிறகே ஒருவர் சடங்கை நடத்தும் தகுதி பெறுகிறார். பத்தலுங்கைச் சேர்ந்த ஆட்டக்கலைஞர் நோரா பும் தேவா இந்தக் கட்டுப்பாட்டின் பேருருவம். பத்தானிப் பக்கம் மலாய் மொழி கலந்து ஆடும் நோரா கேக், எல்லை தாண்டிக் கெளந்தானில் மெனோரா என்று கிளைகள் உண்டு. அவற்றைக் கலப்படம் என்று தள்ளுவது தவறு; அந்தந்த ஊர்ப் பேச்சில் கதை சொல்வதே இந்த மரபின் இயல்பு.

2021இல் யுனெஸ்கோ நோராவைத் தன் பட்டியலில் சேர்த்தது. அதனால் மேடை நிகழ்ச்சிகள் பெருகலாம். எனக்கு முக்கியமாகப் படுவது முன்னோரையும் குருமாரையும் அழைக்கும் ரோங் க்ரூ சடங்கு. வழக்கமாகப் புதன்கிழமை தொடங்கி வெள்ளி வரை நடக்கும் அச்சடங்கில் ஆட்டமும் நேர்த்திக்கடனும் ஆவியேற்றமும் பிரிக்க முடியாமல் பின்னியிருக்கின்றன. கோ யோவைப் பார்த்தவர்கள் அத்தோடு திரும்பிவிடாமல், ஏரியின் மறுபுறம் பத்தலுங்குக்குப் போய், தா கே கோயிலில் ஆண்டுதோறும் நடக்கும் ரோங் க்ரூவையும் பார்த்துவிட்டு வர வேண்டும்.