எதிர்ப்பும் மன்றாட்டும்: மோட்ச பிரயாணம், இரட்சணிய யாத்திரிகம் - ஒரு நோக்கு

முன்னுரை

சமயப் பணிக்கு எதிர்ப்பு நேரும்போது இறைவனை நோக்கி மன்றாடுவதைக் கையறுநிலையின் வெளிப்பாடாகக் கருதும் திறனாய்வாளர் உளர். வேறு வழியற்றவரின் புகலிடமே வேண்டல் என்பது அவர்தம் கருத்து. இக்கருத்து இலக்கியச் சான்றுகளுக்குப் பொருந்துமா என்பதை ஜான் பனியனின் மோட்ச பிரயாணத்தையும், அதன் தழுவலாகிய எச்.ஏ. கிருட்டிணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தையும் முன்வைத்து இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

சிறையும் திறவுகோலும்

பனியன் (1628-1688) இங்கிலாந்துத் திருச்சபையின் ஒப்புதலின்றிப் போதித்தமைக்காக 1660இல் சிறைப்பட்டு, 1672 வரை பெட்ஃபோர்டுச் சிறையில் இருந்தவர். போதிப்பதைக் கைவிட்டால் விடுதலை கிட்டும் என்ற நிலையிலும் அவர் இணங்கவில்லை. 1678இல் வெளிவந்த அவரது நூலின் முதற்பகுதியில் சிறையனுபவம் ஆழப் பதிந்துள்ளது.

சந்தேகக் கோட்டை நிகழ்ச்சி இதற்குத் தக்க சான்று. பயணியர் இருவரும் அரக்கனிடம் அகப்பட்டு, புதன்கிழமை முதல் உணவின்றி இருட்டறையில் அடைபட்டுக் கிடக்கின்றனர். சனிக்கிழமை நள்ளிரவில் மன்றாடத் தொடங்கி விடியலை நெருங்கும்வரை தொடர்கின்றனர். இங்கு வானிலிருந்து தூதர் எவரும் இறங்கவில்லை. கதவு தானே திறக்கவுமில்லை. வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருப்பது கிறிஸ்தியானுக்கு நினைவுக்கு வருகிறது. அதைக் கொண்டும் இறுதி இரும்புக் கதவின் பூட்டு எளிதில் திறக்கவில்லை. ஆகவே, மன்றாட்டு செயலுக்கு மாற்றாக அமையவில்லை. மறந்துபோன உறுதியை நினைவூட்டிச் செயலுக்கு இட்டுச் செல்கிறது. தப்பியவர்கள் பின்வருவோரை எச்சரிக்கத் தூண் ஒன்றை நிறுவிச் செல்வதும் ஈண்டுக் கருதத்தக்கது.

மாயாபுரிச் சந்தை

மன்றாட்டு எப்போதும் விடுதலை தரும் என்று பனியன் கூறவில்லை. மாயாபுரிச் சந்தையில் கிறிஸ்தியானின் துணைவன் தீயிலிடப்பட்டு மாள்கிறான். எனினும், இகழ்ச்சிக்கு வாழ்த்தையே மறுமொழியாக்கிய அவர்தம் பொறுமையைக் கண்ட அவ்வூரான் ஒருவனே கிறிஸ்தியானுக்கு அடுத்த வழித்துணையாகிறான்.

ஆயினும் உருவக நெறிக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. சந்தை நகரின் நடுவரும் சான்றுரைப்போரும் அறங்கூறு குழுவினர் பன்னிருவரும் தீக்குணங்களையே பெயராகக் கொண்டுள்ளனர். பொறாமை என்று பெயர் பெற்றவன் பொறாமையாகவே இருந்தாக வேண்டும். அவன் மனம் மாற இடமில்லை. இவ்வாறு எதிர்ப்பவரை மனிதராகக் காணும் வாய்ப்பை உருவகம் குறைத்துவிடுகிறது. எதிரிக்காக வேண்டுதல் என்னும் நற்செய்தி நூல்களின் அறத்திற்கு இங்கு இடம் சுருங்கிவிடுகிறது.

கிருட்டிணபிள்ளையின் சேர்க்கை

1827இல் பிறந்து, வைணவ மரபில் வளர்ந்து, 1858இல் கிறித்தவரான கிருட்டிணபிள்ளை, 1894இல் நூல்வடிவம் பெற்ற தம் காப்பியத்தில் இயேசுவின் பாடுகளை விரிவாகச் சேர்த்துள்ளார். இச்சேர்க்கையைப் பக்திப் பெருக்காக மட்டும் கொள்வது பொருந்தாது. பிலாத்து தீக்குணத்தின் பெயர் தாங்கியவன் அல்லன். வரலாற்றில் வாழ்ந்த ஆளுநன். குற்றம் காணாதிருந்தும் கூட்டத்திற்கு அஞ்சித் தடுமாறுவோன். அவன் முன் இயேசு காக்கும் அமைதி, எதிர்ப்போரும் இரக்கத்திற்குரிய மனிதரே என்பதை உணர்த்துகிறது. தம்மைச் சிலுவையில் அறைந்தோரை மன்னிக்குமாறு இயேசு வேண்டியதாக லூக்கா எழுதிய நற்செய்தி கூறும் செய்தியும் இவ்விடத்து இணைத்து எண்ணத்தக்கது. மூலநூலின் உருவகம் இழந்த ஒன்றைத் தமிழ்க் காப்பியம் இவ்வகையில் மீட்டுள்ளது எனலாம்.

கிருட்டிணபிள்ளை தம் இசைப்பாடல்களுக்குத் தேவாரம் என்னும் பெயரைக் கையாண்டுள்ளமையும் பொருளுடையது. துன்புறுத்தலினூடே இறைவனைப் பாடும் மரபு தமிழுக்குப் புதிதன்று. நீற்றறையில் அடைக்கப்பட்டும், கல்லோடு பிணித்துக் கடலில் இடப்பட்டும் நாவுக்கரசர் இறைவன் பெயரையே பற்றி நின்றதைப் பெரியபுராணம் விரிக்கிறது. அங்கும் துன்புறுத்திய மன்னன் அழிவதில்லை, மனம் மாறுகிறான். கொள்கைகள் வேறாயினும், எதிர்ப்பவனை இழக்க விரும்பாத பக்தி மனம் இரு மரபினுக்கும் பொதுவாகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. மன்றாட்டு செயலின்மை அன்று. அதன் பயன் எப்போதும் விடுதலை அன்று. எதிர்ப்போரை மனிதராகக் காணும் இடத்திலேயே அது நிறைவு பெறுகிறது. உருவகத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் வாசகர், தம்மோடு கருத்து மாறுபடும் அயலாரைத் தீக்குணங்களின் வடிவமாகக் கண்டுவிட நேரும். சமய இலக்கியத்தைப் பயில்வோரும் பயிற்றுவோரும் இவ்விடரை உணர்தல் வேண்டும். பிலாத்தின் தடுமாற்றத்திற்குத் தம் காப்பியத்தில் இடமளித்த கிருட்டிணபிள்ளையின் புலமை, இவ்வுணர்வுக்கு நல்வழி காட்டுகிறது.