பியானோவில் இல்லாத சுரம்

துருக்கி இசையும் ஜாஸும் கலந்த கதையைப் பலரும் டேவ் ப்ரூபெக்கிலிருந்துதான் தொடங்குவார்கள். 1958இல் அமெரிக்க வெளியுறவுத் துறை ஏற்பாடு செய்த பயணத்தில் இஸ்தான்புல் வந்த ப்ரூபெக், தெருவில் வாசித்துக்கொண்டிருந்தவர்களிடம் ஒன்பது எண்ணிக்கைத் தாளம் ஒன்றைக் கேட்டார். அதை மூன்று மூன்றாக அவர்கள் பிரிக்கவில்லை. இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று என்று நொண்டி நடை போட்டது அந்தத் தாளம். அடுத்த ஆண்டு வந்த ‘டைம் அவுட்’ இசைத்தட்டின் முதல் உருப்படியாக அது ‘ப்ளூ ரோண்டோ அ லா டர்க்’ ஆனது. கேட்பவர்கள் எண்ணிப் பார்க்கலாம்: மூன்று சுற்று அந்த நொண்டி நடை, நான்காவது சுற்று சமமாக மூன்று மூன்று. எழுதிவைத்த பகுதி முழுக்க இப்படித்தான் போகிறது. ஆனால் சாக்ஸஃபோன் தன் கற்பனையை விரிக்க வேண்டிய இடம் வந்ததும் தாளம் நாலுக்கு மாறி, பழகிய ப்ளூஸ் ஆகிவிடுகிறது. துருக்கி வாசலோடு நின்றுவிடுகிறது. அருமையான உருப்படிதான், கலப்பு என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.

தாளம் எந்த ஊருக்கும் சுலபமாகப் பயணம் போகும். சுரம் அப்படிப் போகாது. ஏறக்குறைய நம் ராகத்தைப் போன்ற மகாம்தான் துருக்கி இசைக்கு அடிப்படை. அதன் இலக்கணக்காரர்கள் ஒரு முழுச் சுர இடைவெளியை 9 கோமாக்களாகப் பிரிக்கிறார்கள். உஷாக் என்ற மகாமின் இரண்டாவது சுரத்தைப் பாருங்கள். ஏட்டில் ஒரு கோமா குறைத்து எழுதியிருப்பார்கள். வாசிப்பவரோ இரண்டு, மூன்று கோமா இறக்குவார். ஏறும்போது ஓரிடத்தில் தொடுவார், இறங்கும்போது இன்னும் கீழே தொடுவார். அந்தச் சுரம் பியானோவில் கிடையாது. ஹார்மோனியத்தில் தோடியைத் தேடுகிற வேலைதான். ஜாஸோ, அதன் முக்கால்வாசி வரலாற்றில், பியானோவும் கிதாரும் போடும் அடுக்குச் சுரங்களின் மேல் நின்ற இசை. இந்த முட்டுக்கட்டையை யார் எப்படித் தாண்டினார்கள் என்பதை வைத்துத்தான் இந்தத் துறையை அளக்க வேண்டும் என்பது என் கட்சி.

அரசியலும் குறுக்கே நின்றது. 1934இல் துருக்கிக் குடியரசு தன் வானொலியில் மகாம் இசையைத் தடை செய்தது. 1936இல்தான் தடை நீங்கியது. பழைய ஒட்டோமன் இசை பிற்போக்கு, மேற்கத்திய இசை நாகரிகம் என்பது அன்றைய கணக்கு. மக்கள் கெய்ரோ வானொலியைத் திருப்பி வைத்துக்கொண்டார்கள். அதே அரசின் வாஷிங்டன் தூதர் முனிர் எர்தெகுனின் பிள்ளைகள் அகமதும் நெசுஹியும் கறுப்பின ஜாஸ் கலைஞர்களைத் தூதரக மாளிகைக்கே அழைத்து வாசிக்க வைத்தார்கள். அகமது 1947இல் அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவர். கிராமியப் பாடலான துர்க்குவுக்கு மட்டும் அரசின் ஆசி இருந்தது; அங்காரா வானொலி அதைத் தேடித் தேடிச் சேகரித்தது. பின்னால் ஜாஸ்காரர்களும் ராக்காரர்களும் அரண்மனை இசையை விட்டுவிட்டுத் துர்க்குவிலேயே கைவைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஜாஸ் பாடகியாகத் தொடங்கிய துலாய் ஜெர்மன் 1964இல் ‘புர்ச்சாக் தார்லாசி’ என்ற கிராமியப் பாடலைப் பதிவுசெய்தார். 1965இல் ஹுரியெத் நாளிதழ் தொடங்கிய ‘தங்க மைக்ரோஃபோன்’ போட்டி அந்தப் போக்குக்கு மேடை போட்டது. எர்கின் கோராய், மொகொல்லார், செல்தா பாஜான் என்று அனடோலிய ராக் கிளம்பியது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

ஜாஸில் உண்மையான முடிச்சு அவிழ்ந்தது ஸ்டாக்ஹோமில். அங்கே குடியேறிய துருக்கி டிரம்பெட் கலைஞர் மாஃபி ஃபலாயிடம் நிறையத் துர்க்கு மெட்டுகள் இருந்தன. அவற்றில் சிலவற்றை அமெரிக்கரான டான் செர்ரி கற்றுக்கொண்டு, 1969 நவம்பரில் அங்காராவின் அமெரிக்கத் தூதரகத்தில் துருக்கிக் கலைஞர்களோடு வாசித்தார். டிரம்ஸில் ஓகாய் தெமிஸ். ‘லைவ் அங்காரா’ என்ற அந்தப் பதிவு 1978இல்தான் இசைத்தட்டாக வந்தது. செர்ரிக்கு இது ஏன் கைவந்தது? அவர் சாக்ஸஃபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனிடம் வளர்ந்தவர். அடுக்குச் சுரங்களின் காவலை உதறிவிட்டு ஒற்றை மெட்டின் பின்னால் போகப் பழகியவர். பியானோ கட்டளையிடாத இடத்தில் மகாமுக்கு மூச்சு விட முடிகிறது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஃபலாயும் தெமிஸும் சேர்ந்த ‘செவ்தா’ குழுவில் சாலிஹ் பைசாலின் வயலின் அந்த நடுச்சுரங்களைக் கூச்சமே இல்லாமல் பிடிப்பதைக் கேட்கலாம். பக்கத்தில் ஸ்வீடன்காரர்களின் சாக்ஸஃபோன். யாரும் யாருக்கும் வழிவிட்டு ஒதுங்குவதாகத் தெரியவில்லை.

இரண்டாவது வழி, கருவியையே மாற்றுவது. 1976இல் எர்கான் ஓவுர் என்ற இளைஞர் கிளாசிக்கல் கிதாரின் மெட்டுகளை, அதாவது ஃப்ரெட்டுகளை, பிடுங்கி எறிந்தார். துருக்கியின் நரம்புக் கருவியான பாலமாவில் மெட்டு என்பது கழுத்தில் சுற்றிக் கட்டிய நைலான் இழை. வேண்டிய இடத்துக்கு நகர்த்தலாம். கிதாரின் உலோக மெட்டு அசையாது. அதை எடுத்துவிட்டால் எந்தக் கோமாவையும் தொடலாம், ஆனால் விலை உண்டு. விரல் சதை நேரடியாக நரம்பை அழுத்துவதால் நாதம் சீக்கிரம் செத்துவிடும். இரண்டு மூன்று சுரங்களைச் சேர்த்துச் சுருதி பிசகாமல் அழுத்துவது பெரும்பாடு. ஓவுர் இந்தக் குறையையே தன் பாணியாக்கிக்கொண்டார். அடுக்குச் சுரங்களைக் குறைத்தார், ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே வழுக்கிக்கொண்டு போகும் தூரத்தில் இசையை வைத்தார். 1994இல் வெளிவந்த ‘ஃப்ரெட்லெஸ்’ தொகுப்பைக் கேட்டால் அனடோலிய ஒப்பாரியும் ப்ளூஸும் எந்த இடத்தில் ஒட்டுகின்றன என்று கோடு போட முடியாது. இல்கின் தெனிஸ், துர்குத் ஆல்ப் பெகோலு ஆகியோரோடு அவர் அமைத்த ‘தெல்வின்’ மூவர் குழுவில் ஒரு துர்க்கு மெட்டு பதினைந்து நிமிடம்கூட அலையும். இந்தத் துறையில் ஒரே ஒருவரைத்தான் கேட்க நேரம் இருக்கிறது என்பவர்களுக்கு நான் ஓவுரைத்தான் சொல்வேன்.

ரோமா சமூகத்து கிளாரினெட்காரர்களுக்கு இந்தச் சிக்கலே இருந்ததில்லை. கல்யாண வீடுகளில் எதைக் கேட்டாலும் அந்த இரவே வாசித்தாக வேண்டிய தொழில் அவர்களுடையது. அவர்களின் கிளாரினெட் மேற்கத்தியக் கச்சேரிக் கருவியைவிட நீளமானது, தாழ்ந்த சுருதி. உதட்டை நெகிழ்த்தினாலே கோமாக்கள் இறங்கும். பெர்காமாவைச் சேர்ந்த ஹுஸ்னு ஷென்லெந்திரிஜியின் ‘லாச்சோ தைஃபா’, நியூயார்க்கின் ப்ரூக்ளின் ஃபங்க் எசென்ஷியல்ஸ் குழுவோடு 1998இல் செய்த ‘இன் த பஸ்பேக்’ பதிவில் ஒன்பது எண்ணிக்கை ஃபங்க் தாளத்தோடு சண்டையே போடவில்லை. அதைவிட எனக்குப் பிடித்தவர் மூத்தவரான பார்பரோஸ் எர்கோசே. துனீசியாவின் ஊத் கலைஞர் அனவர் பிராஹெமோடு இ.சி.எம். நிறுவனத்துக்காக அவர் வாசித்தவற்றில் அவசரம் என்பதே கிடையாது.

அரண்மனை இசையை ஐரோப்பிய ஜாஸ்காரர்களோடு உட்கார வைத்தவர் பாரிஸில் வாழும் நெய்க் குழல் கலைஞர் குத்ஸி எர்குனெர். ‘ஒட்டோமானியா’ 1999இல் வந்தது. நெய்யை எலெக்ட்ரானிக் தாளத்தோடு சேர்த்த மெர்ஜான் தெதெயின் தொகுப்புகள் உலகம் சுற்றின. அவற்றில் பல, சூஃபி மணம் தெளித்த பின்னணி இசையாகவே நின்றுவிடுகின்றன என்று நினைக்கிறேன். ஆம்ஸ்டர்டாமின் அல்தின் குன் குழு, துர்க்குப் பாடகர் நெஷெத் எர்தாஷின் பாடல்களை எடுத்து நடன அரங்குக்குக் கொண்டுபோனது. 2019இல் வந்த அவர்களின் ‘கெஜெ’ கிராமி பரிந்துரை வரை போனது. அதில் ஜாஸ் தேடினால் கிடைக்காது, கொண்டாட்டம் நிறையக் கிடைக்கும்.

பழைய முடிச்சை இன்றும் கையில் வைத்திருப்பவர் தோல்கஹான் சோலு. 2008இல் அவர் வடிவமைத்த கிதாரில் ஒவ்வொரு நரம்புக்கும் அடியில் தனித்தனிச் சின்ன மெட்டுகள், பள்ளத்தில் நகரும். ஓவுர் குறைத்துக்கொண்ட அடுக்குச் சுரங்களை மகாமின் சுரங்களைக் கொண்டே கட்ட இதில் வழி இருக்கிறது, நாதமும் சாகாது. ஆனால் வாசிக்குமுன் அந்த மகாமுக்கு ஏற்றபடி மெட்டுகளை அடுக்கி வைக்க வேண்டும். நடுவில் மனம் போன போக்கில் வேறு மகாமுக்குத் தாவ முடியாது. ஜாஸ்காரருக்கு வேண்டியதே அந்தத் தாவல்தான். உஷாக்கின் இரண்டாவது சுரத்தை உள்ளே வைத்துக் கட்டிய அடுக்கு முதலில் காதைக் கூசவைக்கிறது. பழகியபின் பியானோவின் அதே அடுக்குதான் சப்பென்று படுகிறது. இஸ்தான்புல்லின் ஜாஸ் பியானோக்காரர்கள் இதற்கு என்ன பதில் சொல்லப்போகிறார்கள் என்றுதான் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.