மரபணுக் கணக்கில் எண்ணிக்கையா, திருத்தமா?

உயிரணுவைத் திசுவினின்றும் பிரித்தெடுக்காமல், அது இருந்த இடத்திலேயே வைத்து அதனுள் எந்த மரபணுக்கள் தொழிற்படுகின்றன என்று காணும் முறைகள் இன்று பெரிதும் போற்றப்படுகின்றன. ‘நேச்சர் மெத்தட்ஸ்’ இதழ் 2020ஆம் ஆண்டின் சிறந்த முறையாக இவற்றையே தேர்ந்தது. போற்றுவோர் பெரும்பாலும் எண்ணிக்கையையே எடுத்துக் காட்டுகின்றனர்: 100 மரபணு, 1,000 மரபணு, 10,000 மரபணு. அவற்றுள் எத்தனை சரியாகப் படிக்கப்பட்டன என்னும் வினா பின்னுக்குப் போய்விடுகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்துச் சியாவெய் சுவாங் அம்மையாரின் குழுவினர் 2015இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ‘மெர்ஃபிஷ்’ முறையை இந்நோக்கில் ஆராய்வோம்.

தொழிற்படும் மரபணு தன் செய்தியை ஆர்.என்.ஏ. படிகளாக எழுதி வைக்கிறது. அப்படியில் ஒட்டும் டி.என்.ஏ. துணுக்குகளைச் செலுத்தி, அவற்றின்மேல் ஒளிரும் சாயம் ஏற்றினால், உருப்பெருக்கியில் ஒரு புள்ளி தோன்றும். சாய நிறங்கள் சிலவே, மரபணுக்களோ பல. ஆகவே ஒரே இடத்தை 16 முறை படம் எடுக்கின்றனர். ஒவ்வொரு மரபணுவும் எந்த நான்கு முறை ஒளிரவேண்டும், எந்தப் பன்னிரண்டு முறை இருண்டிருக்க வேண்டும் என்று முன்பே வகுத்துக்கொள்கின்றனர். ஒளியும் இருளுமான அந்தப் பதினாறெழுத்துச் சொல்லே அம்மரபணுவின் பெயர்.

ஒளிரவேண்டிய முறைகளுள் ஏறத்தாழ 10 விழுக்காடு ஒளிராமற் போகின்றன. இருண்டிருக்க வேண்டியவற்றுள் ஏறத்தாழ 4 விழுக்காட்டில் பொய்யொளி தோன்றுகிறது. இவை அவர்களே அளந்து கூறியவை. சிறு பிழைகள் என்றே தோன்றும். ஆயின், பதினாறு முறைக்கும் சேர்த்துப் பெருக்கிப் பாருங்கள்: நூற்றுக்கு 40 சொற்களே முற்றும் பிழையின்றி வந்து சேரும்!

தமிழாசிரியர்க்கு இவ்விடர் புதிதன்று. ‘வழி’ என்று எழுத வந்த மாணவன் ‘வலி’ என்று எழுதினால் அதுவும் பொருளுள்ள சொல்லே. ‘வளி’ என்று எழுதினாலும் அப்படியே. பிழை தன்னைக் காட்டிக்கொள்ளாமல் வேறு சொல்லாகி நின்றுவிடுகிறது. ‘ஆசிறியர்’ என்று எழுதினாலோ, உடனே ‘ஆசிரியர்’ என்று திருத்திவிடுகிறோம். அருகில் மயங்குதற்கு வேறு சொல் இல்லை.

1950இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ரிச்சர்டு ஹாமிங் கணிப்பொறிகளுக்காக வகுத்த நெறியும் இதுதான். பதினாறு இடங்களில் நான்கு ஒளியை 1,820 வகையாக அமைக்கலாம். சுவாங் குழுவினர் அவற்றுள் 140ஐ மட்டுமே எடுத்துக்கொண்டனர். அவற்றுள் எந்த இரண்டும் நான்கு இடங்களிலேனும் வேறுபடும். எனவே ஓரெழுத்துப் பிழையைத் திருத்தலாம். ஈரெழுத்துப் பிழையை இனங்கண்டு தள்ளலாம். மேற்சொன்ன பிழை வீதங்களின்படி 40 என்பது இதனால் 78 அளவுக்கு உயர்கிறது. பெரும்பாலான சொற்களை வேண்டாவென ஒதுக்கியதனால் கிடைத்த வலிமை இது.

அதே கட்டுரையில் இவ்வலிமையை விட்டுக்கொடுத்த மற்றொரு சோதனையும் உண்டு. அங்கே பதினான்கெழுத்துச் சொற்கள். நான்கு ஒளி பெறத்தக்க 1,001 சொற்களையும் கொண்டனர். எண்ணிக்கை ஏழு மடங்காயிற்று. ஆனால் ஓர் ஒளி தவறி, வேறோரிடத்தில் ஒரு பொய்யொளி தோன்றினால், ‘வழி’ ‘வலி’யான கதைதான். செய்தியாளர் கண்ணை ஈர்ப்பது இந்த ஆயிரம். நம்பத்தக்கது அந்த 140.

இன்னும் பாராட்டத்தக்கது ஒன்றுண்டு. 140 சொற்களுள் 130ஐ மட்டும் மரபணுக்களுக்கு அளித்து, 10ஐ எதற்கும் உரியதல்லாத வெற்றுச் சொற்களாக விட்டனர். வெற்றுச் சொல் ஒன்று திசையறியாமல் வந்து விழுந்தால் அது பிழை என்பதில் ஐயமில்லை. அவற்றை எண்ணினால், முறை தன் பொய்யைத் தானே அளந்துகொள்கிறது. ஒரு கருவியின் புகழைக் கேட்போர் முதலில் கேட்கவேண்டியது இவ்வெற்றுச் சொற்களின் கணக்கையே.

எனினும், அச்சோதனைகள் ஆய்வுக்கூடத்தில் தட்டையாக வளர்த்த உயிரணுக்களில் நிகழ்ந்தவை. 10,000 மரபணுக்களை எட்டிய 2019ஆம் ஆண்டுச் சோதனையும் அத்தகையதே. திசுவோ உயிரணுக்கள் நெருங்கி, ஒன்றன்மேலொன்று கிடக்கும் இடம். புரதமும் கொழுப்பும் தாமும் மங்கலாய் ஒளிர்ந்து புள்ளிகளை மறைக்கும். ஆர்.என்.ஏ.யைக் கூழ்மத்தில் நிலைநிறுத்தி, ஏனையவற்றைக் கரைத்தகற்றும் வழியை 2016இல் கண்டனர். அதன்பின் எலி மூளையைத் தெளிவாகப் படிக்க முடிந்தது.

சொல்லைத் திருத்திய பின்னும் எஞ்சும் பிழை ஒன்று உண்டு. என் கருத்தில் அதுவே பெரிது. புள்ளி எந்த மரபணுவினது என்று அறிந்தோம், எந்த உயிரணுவினது? புற்றுக்கட்டியின் விளிம்பில் நோய் எதிர்க்கும் உயிரணுவும் புற்றணுவும் ஒட்டிக் கிடக்கின்றன. எல்லைக்கோட்டைச் சற்றே தள்ளி வரைந்தால், எதிர்ப்பணுவின் மரபணு புற்றணுவின் கணக்கில் ஏறிவிடும். எதிர்ப்பணுக்கள் கட்டிக்குள் புகுந்தனவா, வெளியே நின்றனவா என்பதை மருத்துவர் அறிய விரும்புகையில், கணினி உண்மையில் இல்லாத கலப்புயிரணு ஒன்றைப் படைத்துக் காட்டும்.

புள்ளிகளின் சேர்க்கையைக் கொண்டே எல்லையை ஊகிக்கும் கணிப்பு முறைகள் வந்துள்ளன, பயனும் தருகின்றன. ஆயினும், மரபணுவைக் கொண்டு எல்லையை வரைந்து, அவ்வெல்லையைக் கொண்டு மரபணுவைப் பேசுவது வட்டமாகச் சுற்றும் வாதம். உயிரணுவின் மேற்சவ்வுக்குத் தனிச் சாயமிட்டு எல்லையைக் கண்ணாற் காண்பது அதனினும் நன்று. மெல்லிய சீவலில் மேலும் கீழும் அறுபட்ட உயிரணுக்களுக்கு அதுவும் போதாது. மூளைத் திசுவை 200 மைக்ரோமீட்டர் தடிப்புக்கு அடுக்கடுக்காகப் படமெடுக்கும் முயற்சியில் சுவாங் குழுவினர் பின்னர் இறங்கியது இதனால் வரவேற்கத்தக்கது. அங்கே உயிரணு அறுபடாமல் முழுதாகக் கிடக்கிறது.